வலப்பக்கத்துப் பெட்டி

விடிந்து வெகுநேரமாகியும் கரை தெரியவில்லை.

மழை விட்டுவிட்டது. மேகம் மட்டும் ஏறவில்லை. அது கடலோடு ஒட்டிக்கொண்டு, எஞ்சின் பூட்டிய மீன்பிடிப் போட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் நின்றது. சூரியன் எந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. எல்லாப் பக்கமும் ஒரேயளவு வெளுத்திருந்தது. இந்நேரத்துக்குச் சாய்ந்தமருதுக் கரையின் தென்னைகள் தெரிந்திருக்க வேண்டும். அவற்றுக்கும் முன்னால், மேற்கே தூரத்தில் மலைகள் தெரிந்திருக்க வேண்டும்.

மர்சூக் எஞ்சின் மூடியின் மேல் கையை வைத்தபடி குந்தியிருந்தான். எஞ்சின் சீராகத்தான் ஓடியது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவன் இருந்தான். அது நின்றால் மற்றச் சத்தங்கள் கேட்கத் தொடங்கிவிடும். பலகையில் கடல் அடிக்கிற சத்தம், போட்டின் அடியில் தேங்கிய தண்ணீர் அங்குமிங்கும் ஓடுகிற சத்தம். அவனுக்கு நீந்தத் தெரியாது. அது அவன் மனைவி றம்ஸியாவுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அவன் வயல்பக்கத்து ஆள். சம்மாந்துறையில் ஒரு நெல் மில்லில் எஞ்சின் பார்த்தவன். கலியாணம் முடித்துப் பெண் வீட்டோடு இருக்கச் சாய்ந்தமருதுக்கு வந்தான். இந்தப் பக்கத்து மாப்பிள்ளைமார் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். றம்ஸியாவின் வாப்பா மீராசாவிடம் ஓர் எஞ்சின் போட்டு இருந்தது. அதன் எஞ்சினைப் பார்த்தவன் சவூதிக்குப் போய்விட்டான். வேறு ஆள் தேடி அலைவானேன், மருமகன் மில் எஞ்சினையே கட்டி ஆண்டவர், டீசலுக்குக் கடலும் வயலும் ஒன்றுதானே என்றார் மீராசா. புது மாப்பிள்ளை, கடலென்றால் பயம் என்று வாயைத் திறந்து சொல்ல முடியுமா? மர்சூக் தலையை ஆட்டிவிட்டு வந்து ஏறினான்.

இப்போது மீராசா மாமா பின்னால் நின்று சுக்கானைப் பிடித்திருந்தார். அவருக்கு முன்னால், பலகையில் திருகியிருந்த சின்ன மரக்கூட்டுக்குள் திசை காட்டும் கம்பாஸ் இருந்தது. முன்பக்கத்தில் நனைந்த வலைக்கு மேல், மாமாவின் மகன் பக்கீர் முகைதீன் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தான். போட்டில் இந்த மூன்று பேர்தான்.

காலையில் மழைக்குள்ளேயே வலையை இழுத்து முடித்தார்கள். அந்நேரம் மாமா குனிந்து கம்பாஸைப் பார்த்தார். திருப்ப வேண்டிய வேலையே இருக்கவில்லை. முள்ளின் கணக்கில் போட்டின் மூக்கு மேற்கைப் பார்த்து நின்றது. போட்டு தானாகவே கரையைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது என்று மாமா சந்தோஷப்பட்டார். வழக்கமாக அலைக்கு அலை ஆடித் தொலைக்கிற முள் இன்றைக்கு நல்ல பிள்ளை மாதிரி நிற்கிறது என்றும் சொன்னார்.

 அதற்குப் பிறகு அவர் வெறும் காலால் பலகையை அழுத்தி அழுத்தி, அலை எந்தப் பக்கமிருந்து தூக்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கீர் எழும்பி உட்கார்ந்தான். இப்படியே போனால் மக்காவில்தான் இறங்குவோம், இந்த வருஷ ஹஜ் சும்மா கிடைக்கிறது என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா தன்பாட்டில் பேசுவதுபோலச் சொன்னார்.

"அல முகத்துல அடிக்கிது."

மர்சூக்குக்கு அது விளங்கவில்லை. பக்கீருக்கு விளங்கியது. அவன் சட்டென்று கடலைப் பார்த்தான். மாரி காலத்தில் அலை வாடைப்பக்கமிருந்து, வடக்கும் கிழக்கும் சேர்கிற திசையிலிருந்து வரும். கரைக்குப் போகிற போட்டுக்கு அது வலப்பக்கத்துப் பின்புறம்தான் அடிக்க வேண்டும். முகத்தில் அடிக்கிறதென்றால் காற்று மாறியிருக்க வேண்டும். கார்த்திகை மாதத்தில் காற்று திடீரென்று மாறினால் அதன் அர்த்தத்தை இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூறாவளி வந்துபோய் ஐந்தாறு வருஷம்தான் ஆகிறது. வேர் பிடுங்கி விழுந்த தென்னைகளின் குழிகள் இன்னும் மூடுபடவில்லை. அன்றைக்குக் கடலில் இருந்த மாமாவின் தம்பி திரும்பி வரவேயில்லை.

"அண்டைக்கும் முதல்ல இப்பிடித்தான் அல பக்கம் மாறின," என்றார் மாமா.

மர்சூக் எஞ்சின் மூடியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். சூறாவளி நேரம் அவன் மில்லுக்குள் நெல் மூட்டைகளுக்கு நடுவில் இருந்தான். கூரைத் தகரங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் பறந்ததைக் கண்டான். அங்கே காலுக்குக் கீழே தரையாவது இருந்தது.

மாமா கம்பாஸைப் பார்த்தார். முள் மேற்கில் நின்றது. அலை பொய் சொன்னாலும் முள் பொய் சொல்லாது. அவர் சுக்கானை அசைக்காமல் பிடித்துக்கொண்டார். போட்டு மேகத்துக்குள் போய்க்கொண்டேயிருந்தது.

ஏதாவது வேலை செய்தால் பயம் குறையும் என்று மர்சூக்குக்குத் தோன்றியது. அவன் வலப்பக்கத்துப் பெட்டியைத் திறந்து, ஆயுதங்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தான். ஸ்பானர்கள், குறடு, சுத்தியல், அரம், திருப்புளி. எல்லாம் வைத்த இடத்தில் ஆடாமல் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. இந்தப் போட்டில் அவனுடையது என்று சொல்ல இருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான். இதைச் செய்த பிறகுதான் அவனை இங்கே ஓர் ஆளாக மதித்தார்கள்.

அவன் வந்தபோது ஆயுதமெல்லாம் ஒரு சாக்குக்குள் குவியலாகக் கிடந்தது. உப்புத் தண்ணீரில் ஊறித் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. அதைவிடப் பெரிய கரைச்சல் ஒன்று இருந்தது. இந்தக் குடும்பத்தில் இரும்பைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வருமாம். வீட்டில் கத்தியையோ அரிவாளையோ கேட்டால் மாமி அதைத் தரையில் வைப்பார், மற்றவர் எடுத்துக்கொள்வார். தரையில் அதனால் ஒரு நட்டமும் இல்லை. கடலில் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஸ்பானர் கேட்டால், பக்கீர் அதைப் பலகையில் வைப்பான். மர்சூக் எடுக்கும் முன் போட்டு ஒரு சாய்வு சாயும். ஸ்பானர் உருண்டு பலகை இடுக்கால் அடித்தண்ணீருக்குள் போய்விடும். ஒருநாள் எஞ்சின் நின்ற நேரத்தில் அப்படித்தான் ஆனது. கறுத்த தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவியபோது, போட்டு அலைக்குக் குறுக்கே கிடந்து சரிந்த சரிவை மர்சூக் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு மில் காந்தத்தின் நினைவு வந்தது. நெல்லோடு ஆணியும் கம்பித்துண்டும் வந்தால் மில்லின் உருளை கெட்டுப்போகும். அதனால் நெல் இறங்குகிற வாயில் ஒரு பெரிய காந்தக்கட்டையைப் பொருத்தியிருப்பார்கள். நெல் போகும், இரும்பு ஒட்டிக்கொள்ளும். புதுக்காந்தம் போட்டபோது கழற்றிய பழையது மில் மூலையில் கிடந்தது. கேட்டான், கொடுத்தார்கள். போட்டு கரையில் கிடக்கிற வெள்ளிக்கிழமையில் பலாப்பலகையில் ஒரு பெட்டி அடித்தான். உள்ளே காந்தத்தைப் பதித்தான். பக்கீரும் தானும் இருந்த இடத்திலிருந்தே எட்டக்கூடிய மாதிரி, எஞ்சினுக்கும் சுக்கானுக்கும் இடையில் வலப்பக்கத்தில் ஆணியால் அறைந்தான். இப்போது பக்கீர் ஸ்பானரைப் பெட்டியில் ஒட்டுவான். மர்சூக் அங்கிருந்து பிடுங்கிக்கொள்வான். கைக்குக் கையும் இல்லை, உருளுவதும் இல்லை. இருட்டிலும் கையை நீட்டினால் வேண்டியது வேண்டிய இடத்தில் இருக்கும்.

பக்கத்துப் போட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். மாமா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் அவரே பெட்டியைத் திறந்து காட்டினார். மச்சான் ஸ்பானருக்கும் பெண் வீடு பார்த்துக் குடியேற்றிவிட்டான் என்று பக்கீர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

அது போன வெள்ளிக்கிழமை. அன்றிலிருந்து நேற்றுவரை வானம் தெளிவாக இருந்தது. போகும்போது மலையைப் பின்னால் விட்டுப் போனார்கள். வரும்போது மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கம்பாஸை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"மரம்!" என்று பக்கீர் கத்தினான்.

மாரி வெள்ளத்தில் ஏதோ ஆற்றால் அடிபட்டு வந்த பெரிய மரம் ஒன்று, வேரும் கிளையுமாகப் போட்டுக்கு நேரே மிதந்து வந்தது. மாமா சுக்கானை முழுப்பலத்தோடு தள்ளினார். போட்டு சாய்ந்துகொண்டு திரும்பியது. மர்சூக் பெட்டியைக் கட்டிப்பிடித்தான். பின்னால் நுரை அரிவாள் போல வளைந்தது. வேர்கள் பலகையை உரசாமல் பக்கத்தால் போயின.

அந்த நேரத்தில் அவனுடைய முகம் கம்பாஸுக்குக் கிட்ட இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போட்டு திரும்பியது. முள் திரும்பவில்லை.

கொஞ்சம் நடுங்கியது. பிறகு பழையபடி மேற்கு என்று நின்றது. மாமா போட்டை முந்திய பக்கத்துக்குத் திருப்பினார். அப்போதும் மேற்கு.

மர்சூக்குக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை.  கையில் இன்னும் ஸ்பானர் இருந்தது. அதைப் பெட்டியில் வைக்கக் கையைக் கொண்டுபோனான். காந்தம் அதை அவன் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டது. டக் என்று சத்தம் கேட்டது.

பெட்டியின் விளிம்புக்கும் கம்பாஸ் கூட்டுக்கும் இடையில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடத்தான் இருக்கும்.

மில்லில் நெல்லுக்குள்ளிருந்து ஆணிகள் எழும்பிப் பாய்கிறதை அவன் எத்தனை தரம் பார்த்திருக்கிறான். நெல் எந்தப் பக்கம் ஓடினாலும் ஆணியின் முனை காந்தத்தைத்தான் பார்க்கும். கம்பாஸின் முள்ளும் இரும்புதானே. அது வடக்கைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து அது அவனுடைய பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெட்டி வலப்பக்கத்தில் இருக்கிறது. வலப்பக்கம் வடக்கென்றால் போட்டு போவது மேற்கு. போட்டு எந்தத் திசையில் போனாலும் மேற்கு.

காற்று மாறவில்லை. அலையும் மாறவில்லை. மாறியது இவர்கள்தான்.

சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

தான் நினைப்பது பிழையாக இருந்தால்? முள் சரியாகவே இருந்து, இவனுடைய பேச்சைக் கேட்டுத் திரும்பினால்? கடலைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும். நேற்று வந்த ஆள். சரியாக இருந்தால் அது இன்னும் மோசம். பெட்டியைச் செய்தது அவன். அதை அறைந்தது அவன். இந்த மூன்று பேரையும் ஆழக்கடலுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருப்பதும் அவன்தான். றம்ஸியாவின் வாப்பா. றம்ஸியாவின் காக்கா, கூடப் பிறந்த அண்ணன். அவள் இப்போது உம்மாவோடு அடுப்படியில் இருப்பாள். அவளிடம் போய் யார் சொல்வது, என்னவென்று சொல்வது?

பெட்டியைச் சத்தமில்லாமல் கழற்றிக் கடலில் போட்டுவிட்டால் என்ன என்றும் நினைத்தான். முள் தானாகத் திரும்பும். மாமா பார்த்துக்கொள்வார். ஆனால் ஆணியடித்த பெட்டியைச் சத்தமில்லாமல் எப்படிக் கழற்றுவது? ஆயுதமெல்லாம் போய்விட்டால் எஞ்சினை எதால் பார்ப்பது?

எஞ்சின் டக்கு டக்கு என்று அடித்துக்கொண்டேயிருந்தது. இவ்வளவு நேரமும் அவனுக்கு உயிராக இருந்த சத்தம் இப்போது வேறு மாதிரிக் கேட்டது. ஒவ்வொரு அடியும் டீசலைக் குடித்துக்கொண்டு அவர்களைக் கரையிலிருந்து தூரக் கொண்டுபோகிறது. அவன் வாயை மூடியிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்தத் தூரத்தில் சேர்கிறது. திரும்பி வரவும் அதே டீசல்தான் வேண்டும்.

அவன் கையை நீட்டி எஞ்சினின் வேகத்தைக் குறைத்தான்.

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"எஞ்சினுக்கு என்ன, மருமகன்?"

"எஞ்சினுக்கு ஒண்டுமில்ல மாமா." அவன் பெட்டியின் மேல் கையை வைத்தான். "கம்பாஸ் பொய் சொல்லுது. நான்தான் அதப் பொய் சொல்ல வெச்சிரிக்கன்."

மாமா அவனுடைய முகத்தைப் பார்த்தார். கடல் மயக்கத்தில் பிதற்றுகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். வெயிலும் உப்பும் பட்டால் புது ஆட்களுக்கு அப்படி வரும். இன்றைக்கு வெயில் இல்லை. மர்சூக் தடுமாறித் தடுமாறிக் காந்தத்தையும் ஆணியையும் பற்றிச் சொன்னான். சொல்லச் சொல்லத் தனக்கே அது பைத்தியக்காரப் பேச்சாகக் கேட்டது. பக்கீர் வலையைத் தாண்டிப் பின்னால் வந்தான். கடைசியில் மர்சூக் பேச்சை விட்டுவிட்டு, போட்டை ஒரு முழு வட்டம் சுற்றும்படி கேட்டான். சுற்றும்போது அலையைப் பார்க்க வேண்டாம், முள்ளை மட்டும் பார்க்கும்படி சொன்னான்.

மாமா சுக்கானைத் தள்ளினார்.

மூன்று பேரும் கம்பாஸின் மேல் குனிந்தார்கள். போட்டு மெல்லத் திரும்பியது. அலை முகத்தில் அடித்தது, பிறகு இடப்பக்கத்தில் அடித்துப் போட்டை உருட்டியது, பிறகு பின்னால் வந்து தூக்கியது, பிறகு வலப்பக்கம். தாங்கள் விட்ட நுரையையே போட்டு திரும்பி வந்து வெட்டியது. அவ்வளவு நேரமும் முள் மேற்கு, மேற்கு என்று சொல்லிக்கொண்டு நின்றது. 

 பக்கீர் தன் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். சின்னப் பிள்ளையில் பிடித்ததற்குப் பிறகு இப்போதுதான் பிடித்திருப்பான்.

"யா அல்லாஹ்," என்றார் மாமா. பிறகு, "கழத்துங்க," என்றார்.

மர்சூக் சுத்தியலால் பெட்டியைத் தட்டிப் பெயர்த்தான். எங்கே கொண்டுபோவது என்று பக்கீர் கேட்டான். தூரமாக, எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் என்றான் மர்சூக். இந்தப் போட்டில் கம்பாஸுக்கு ஆகத் தூரமான இடம் முன்முனை, அணியம். அங்கே யாரும் கால் வைப்பதில்லை, மீன் வெட்டுவதில்லை, எண்ணெய்ச் சாமான் வைப்பதில்லை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்குப் போய்வந்தபோது மாமா கட்டிய பச்சைத்துணி அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு நாளும் ஏறும்போது அவர் அதைத் தொட்டு, அந்தக் கையை உதட்டில் வைத்து முத்திக்கொள்வார்.

பக்கீர் பெட்டியைத் தூக்கியபடி அவரைப் பார்த்தான்.

"வை," என்றார் மாமா. "அங்கயே வை. கிறீஸ் பட்டா ஆண்டவன் ஒண்டும் கோவிக்க மாட்டான்."

மர்சூக் தன்னிடமிருந்த சுத்தியலையும், இடுப்பு மடியில் செருகியிருந்த சின்ன ஸ்பானரையும் எடுத்துப் பலகையில் வைத்தான். காந்தத்தில் கிடந்த இரும்பும் இனிமேல் காந்தம்தான். பக்கீர் அவற்றையும் பொறுக்கிக்கொண்டு முன்னால் போனான்.

அவன் பாதித் தூரம் போவதற்குள் முள் அசைந்தது. முதலில் சோம்பலாக, பிறகு ஒரேயடியாகச் சுழன்றது. தாண்டிப் போனது, திரும்பி வந்தது, மீண்டும் தாண்டியது. பக்கீர் அணியத்தில் பெட்டியை இறக்கினான். முள் ஆடி ஆடி ஒரு பக்கத்தில் அடங்கியது.

போட்டின் மூக்கு கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப நாம விடிஞ்சதுல இரிந்து..." என்று பக்கீர் முன்னாலிருந்து கேட்டான்.  மீதியை அவன் கேட்கவில்லை.

மாமா போட்டை மேற்குக்குத் திருப்பினார். அலை வந்து வலப்பக்கத்துப் பின்புறத்தில் அடித்தது. அவர் காலால் பலகையை அழுத்திப் பார்த்தார். ஒரு தரம், இன்னொரு தரம். பிறகுதான் மூச்சை விட்டார்.

சூறாவளி இல்லை. கரைதான் எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. தொட்டியில் டீசல் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. மிச்சமிருந்த கலனை மர்சூக் கவிழ்த்தான். கலனின் கடைசிச் சொட்டு விழுகிற வரை கவிழ்த்தபடியே பிடித்திருந்தான். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. மாமா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். பக்கீர் கண்ணை மேகத்திலிருந்து எடுக்கவில்லை. மர்சூக் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடியையும் அது கடைசி அடியோ என்று கேட்டான்.

மத்தியானம் சாய்ந்தபோது எஞ்சின் விக்கியது. இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது.

அவன் பயந்திருந்த சத்தங்கள் எல்லாம் ஒன்றாகக் கேட்டன. போட்டு அலைக்குக் குறுக்கே திரும்பிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சரிந்தது. மர்சூக் தொட்டிக்குள் பார்த்தான். டீசல் இன்னும் கொஞ்சம் கிடந்தது. போட்டு சரிந்த நேரத்தில் அது ஒரு பக்கம் ஒதுங்க, குழாய் காற்றை இழுத்துக்கொண்டது. காற்றை வெளியேற்றினால் எஞ்சின் ஓடும். அதற்குக் குழாய் மூட்டிலிருக்கும் நட்டைத் தளர்த்தி, கையால் பம்ப் அடித்து, நுரை நின்று டீசல் வந்த உடனே இறுக்க வேண்டும். மில்லில் எத்தனையோ தரம் செய்த வேலை. அங்கே தரை சரிவதில்லை.

அவன் எஞ்சினுக்குள் தலையை விட்டு, ஒரு கையால் பம்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை வழக்கம்போல வலப்பக்கத்துக்கு நீட்டினான். கைக்கு வெறும் பலகைதான் பட்டது.

"பக்கீர், சின்ன ஸ்பானர்!"

பக்கீர் அணியத்திலிருந்து நனைந்த வலைக்கு மேலால் ஊர்ந்து வந்தான். போட்டு சரிந்தபோது விழுந்தான், எழும்பினான், மறுபடி விழுந்தான். எஞ்சினுக்குக் கிட்ட வந்ததும் அவனுடைய கை பழக்கத்தில் பலகைக்குத் தாழ்ந்தது. பலகையில் தண்ணீர் வழிந்தோடிக்கொண்டிருந்தது. ஒரு கணம் கை அங்கேயே நின்றது. இரும்பைக் கைக்குக் கை கொடுத்து அவன் பிறந்ததிலிருந்து பழக்கமில்லை. பின்னால் சுக்கானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மாமா அதைப் பார்த்து, அலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பக்கீர் ஸ்பானரை மர்சூக்கின் உள்ளங்கையில் வைத்து, அவனுடைய விரல்களைத் தன் கையாலேயே மூடினான்.

நட்டு தளர்ந்தது. மர்சூக் பம்ப் அடித்தான். நுரை வந்தது. நுரையாகவே வந்துகொண்டிருந்தது. டீசல் அவன் மணிக்கட்டால் வழிந்தது. அது வீணாகப் போகிற ஒவ்வொரு சொட்டும் அவனுக்குத் தெரிந்தது. பிறகு நுரை நின்று தெளிந்த டீசல் வந்தது. இறுக்கினான். பக்கீர் இரண்டு கையாலும் கைபிடியைச் சுழற்றினான். எஞ்சின் ஓடவில்லை. மறுபடியும் சுழற்றினான். ஓடியது.

மேகம் அடியில் கொஞ்சம் கிழிந்தபோது தென்னை மரங்கள் தெரிந்தன. அவர்களுடைய தென்னைகள் அல்ல. நீரோட்டம் தெற்கே கொண்டுபோயிருந்தது. பாலமுனைக் கரை அது. கரையில் நின்ற ஆட்கள் போட்டைக் கண்டு தண்ணீருக்குள் இறங்கி வந்தார்கள். கடைசி அலை தூக்கி மணலில் வைத்தபோது எஞ்சின் தானாகவே நின்றது. மர்சூக் தொட்டியைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

சாய்ந்தமருதுப் போட்டு இங்கே எப்படி வந்தது, எப்படி வழி மாறினீர்கள் என்று பாலமுனைக்காரர் ஒருவர் மாமாவிடம் கேட்டார். மாமா கடலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார். மர்சூக் தலையைக் குனிந்தான். இப்போது பழி வரும், ஊர் கேட்க வரும் என்று காத்துக்கொண்டிருந்தான்.

"மேகத்துக்குள்ள மாறிட்டம்," என்றார் மாமா. "எங்கட மருமகன்தான் கண்டுபிடிச்சவரு."

அவர் அணியத்துக்குப் போய்ப் பச்சைத்துணியைத் தொட்டார். கிறீஸ் பட்ட கையை முத்திக்கொண்டார். காந்தத்தை மில்லுக்கே திருப்பிக் கொடுத்துவிடும்படியும், பெட்டி இருக்கட்டும், உள்ளே துணியில் பை தைத்து ஆயுதத்தைச் செருகலாம், அதை றம்ஸியா தைப்பாள் என்றும் சொன்னார். பிறகு அஸர் தொழ இடம் கேட்டுக்கொண்டு கரையேறிப் போனார்.

மர்சூக் மணலில் உட்கார்ந்தான். மணல் ஆடுவதுபோல இருந்தது. பக்கீர் வந்து பக்கத்தில் குந்தினான். 

"இரும்பக் கைக்குக் கை தந்தாச்சு, மச்சான்," என்றான். "சண்ட வரத்தான் வேணும். ஆர் தொடங்கிற, நீயா நானா?"

மர்சூக் சிரிக்கப் பார்த்தான். பல்லோடு பல் அடித்துக்கொண்டது. சின்ன ஸ்பானர் இன்னும் அவனுடைய கையில் இருந்தது. அதை வைத்துவிட நினைத்தான், விரல்கள் திறக்கவில்லை. பக்கீர் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, ஸ்பானரை வாங்கிக்கொண்டான்.